மாப்ள, இந்த ஷிங்கென் என்னைய விடமாட்டேங்கிறான்

மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி பிள்ளைக எல்லாம் சுகமா. இங்க எல்லாரும் சௌக்கியம், ஒல்லி மட்டும் வழக்கம்போல கடன் கேட்டான், வழக்கம்போல குடுத்தேன். இத்தன நாள் பதில் போடாததுக்கு நேர்ல பாக்கும்போது திட்டிக்கோ. இப்ப எனக்கு ஒருத்தனப் பத்தி யார்கிட்டயாவது பேசியே ஆகணும், வீட்ல "மறுபடியும் ஜப்பானா"ன்னு எந்திரிச்சு போயிடுறாங்க, அதான் உன் தலையில கட்டுறேன்.

டகேடா ஷிங்கென், பதினாறாம் நூத்தாண்டுல ஜப்பான்ல ஒரு நாட்ட ஆண்டவன். சண்டைக்காரன்னு உனக்கும் தெரியும், காவானகாஜிமாங்கிற இடத்துல எதிரி ராஜா உவேசுகி கென்ஷின்கூட 1553லருந்து 1564 வரைக்கும் அஞ்சு தடவ மோதி ரெண்டு பேருமே முழுசா ஜெயிக்கல, அந்தக் கதைய விடு. நான் சொல்ல வந்தது அவன் கட்டுன ஆத்துக்கரை. நீ அந்த டிபார்ட்மென்ட்டு ஆளு, ஒழுங்கா கேளு.

அவனோட நாடு காய், சுத்தி மலை, நடுவுல கோஃபு சமவெளி. மிதாய்னு ஒரு ஆறு மலையிலருந்து செங்குத்தா பாஞ்சு வந்து காமனாஷிங்கிற ஆத்துல பக்கவாட்டுல இடிக்கும், ரெண்டும் சேந்து ஊருப்பக்கம் திரும்பிடும். 1542ல பெரிய வெள்ளம். இவன் என்ன பண்ணான்னா தண்ணிய எதுத்து சுவர் எழுப்பல மாப்ள, முதல்ல கல்லுல ஒரு கூரான முனை கட்டி மிதாயோட வேகத்த ரெண்டா பிரிச்சான், அப்பறம் ஆத்தையே திருப்பி ரியூவோங்கிற இடத்துல இருக்கிற பெரிய பாறைமேல மோத விட்டான், அதாவது மலையே அடி வாங்கிக்கட்டும்னு. கரையையும் ஒரே நீளமா போடாம துண்டு துண்டா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு கொஞ்சம் சாஞ்சாப்ல, நடுவுல இடைவெளி விட்டு. வெள்ளம் ஏறுனா அந்த இடைவெளி வழியா பின்பக்கமா மெதுவா வயல்ல ஏறும், வடிஞ்சா அதே வழியா ஆத்துக்குத் திரும்பிடும். தண்ணிக்கு நடுவுல மரக்கட்டைய முக்கோணமா கட்டி, மூங்கில் கூடையில கல்ல ரொப்பி மேல வச்சு நிறுத்துவாங்க, அதுக்குப் பேரு புனித மாடு! எல்லாமே அவன் காலத்து வேலை இல்லன்னு வாதாடுறவங்களும் இருக்காங்க, ஆனா 1560ல ரியூவோ கரையோரம் குடி வந்தா வீட்டு வரி கிடையாதுன்னு அவன் தரப்புல குடுத்த ஓலை இருக்கு. கரைய பாத்துக்கிற ஆளு கரைமேலயே குடியிருக்கணும்னு எவ்வளவு சுளுவா யோசிச்சிருக்கான் பாரு. இன்னமும் ஏப்ரல்ல அங்க திருவிழா, ஆம்பளைங்க பொம்பள வேஷம் போட்டு சாமி பல்லக்க தூக்கிட்டு கரைய மிதிச்சுட்டு போவாங்க. நம்ம வாத்தி பாத்தா முதல் ஆளா புடவை கட்டுவான்.

இத்தோட நிறுத்தியிருந்தா நான் அவனுக்கு கோயில் கட்டியிருப்பேன். 1547ல சட்டம் எழுதுறான், கடைசியில "நானே இத மீறுனா யார் வேணா, பெரியவன் சின்னவன் பேதமில்லாம, மனு குடுக்கலாம்"ங்கிற மாதிரி ஒரு பிரிவு. எந்த ராஜா எழுதுவான்? அதே வருஷம் ஷிகா கோட்டைய பிடிக்கிறான், வெட்டுன தலை மூவாயிரம்னு சொல்றாங்க, அத கோட்டைக்கு முன்னால வரிசையா காட்டியிருக்கான், பிடிபட்ட பொம்பளைங்க பிள்ளைங்கள சொந்தக்காரங்க இருந்தா காசு குடுத்து மீட்டுக்கலாம், இல்லன்னா வித்துடுறது. ரெண்டும் ஒரே ஆளு மாப்ள. இதப் படிச்சப்பறம் ரெண்டு நாளா சோறு இறங்கல, மிகைன்னு நெனச்சுக்காத.

குடும்பக் கதை இன்னும் மோசம். 1541ல அவங்கப்பா நொபுதோரா, மருமகன பாத்துட்டு வர பக்கத்து நாடு சுருகாவுக்குப் போனாரு, இவன் எல்லைய மூடிட்டான். அவ்ளோதான், அப்பா வெளிய, இருபது வயசுப் பையன் உள்ள. கொடுமைக்கார மனுஷன், ஜனங்களே சந்தோஷப்பட்டாங்கன்னு அந்தக்கால குறிப்பு இருக்கு, சரி. அடுத்த வருஷம் தங்கச்சி புருஷன் சுவா யோரிஷிகேய அடிச்சு, தற்கொலை பண்ண வச்சு, அந்தாளோட பொண்ணையே தன்கூட வச்சுக்கிட்டான், அவளுக்குப் பொறந்தவன்தான் காட்சுயோரி. மூத்த பையன் யோஷினொபு பொண்டாட்டி சுருகாவ ஆண்ட இமகாவா வீட்டுப் பொண்ணு, அந்த வீட்டு மேலயே கை வைக்கப் போறான்னு தெரிஞ்சு பையன் எதுத்தான், 1565ல ஒரு மடத்துல அடைச்சாங்க, 1567ல அங்கயே செத்தான். காட்சுயோரி வாரிசானது அப்படித்தான், அவனோட 1582ல வம்சமே சரிஞ்சுது.

என்னைய பிடிச்சு உலுக்குறது அந்த அப்பா. மகன் 1573ல, பின்னாடி ஜப்பானையே ஆண்ட டோகுகாவா இயேயாசுவ மிகதகஹராங்கிற இடத்துல விரட்டிட்டு, திரும்புற வழியில சீக்கு வந்து செத்துட்டான். கெழவன் உயிரோட இருக்காரு! அடுத்த வருஷம் சினானோல தகதோ கோட்டைக்கு வந்து பேரன் காட்சுயோரிய பாத்துட்டு அங்கயே முடிஞ்சு போனாரு, கோஃபுவுக்குள்ள உசுரோட கால் வைக்கல. முப்பத்து மூணு வருஷம். நீ உங்கப்பாகூட பேசுறியாடா இப்ப? கேக்கக்கூடாதுதான், கேட்டுட்டேன், பதில் சொல்லணும்னு இல்ல.

அப்பறம் ஒண்ணு, ஷிங்கென், நான் செத்தத மூணு வருஷம் வெளிய விடாதீங்கன்னு சொல்லிட்டு செத்தானாம். சில மாசத்துலயே எதிரிக்கெல்லாம் மோப்பம் பிடிச்சிருச்சு. அவன் சபையிலயும் ஒரு ஒல்லி இருந்திருப்பான் போல.

அந்த துண்டுக்கரை விஷயம் மட்டும் எனக்கு வெளங்குற மாதிரி எழுது, இடைவெளி எவ்ளோ விடணும்னு எத வச்சு முடிவு பண்ணுவீங்க, வண்டல் வந்து அடைச்சுக்காதா? படம் போட்டு போட்டோ எடுத்து அனுப்பு, உன் கையெழுத்து எனக்குப் புரியாது.

உன்
மாப்ளதான்