650 குதிரைகள் ஏன் தோற்றன?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்தி இப்போதே வாய் ஓயாமல் பேசுகிறாளாமே, உன் வம்சம் வேறு எப்படி இருக்கும்! இங்கே எல்லோரும் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் பொழுது போகாது என்றார்கள். எனக்கென்னவோ பொழுது போதவில்லை.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். லம்போர்கினி உருஸ் 650 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் வண்டி, அது பேட்டரியில் ஓடும் செடானிடம் தோற்பதாவது, நீ அனுப்பிய அந்தப் பந்தய வீடியோவில் ஏதோ தில்லுமுல்லு என்று எழுதியிருக்கிறாய். தில்லுமுல்லு ஒன்றும் இல்லையப்பா. 2019-ல் வந்த போர்ஷே டைக்கான் டர்போ எஸ் என்ற பேட்டரி செடான், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 2.8 வினாடி எடுக்கும். நீ சொல்லும் 650 குதிரை உருஸுக்கு 3.6. இரண்டும் அந்தந்தக் கம்பெனியே சொல்லும் கணக்கு. இத்தனைக்கும் டைக்கான்தான் கனமான வண்டி, கிட்டத்தட்ட 2,300 கிலோ. உருஸ் 2,200-க்குள் அடங்கிவிடும். டைக்கானின் சாதாரணத் திறனும் 625 குதிரைதான். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோல் வசதியைப் போட்டுக் கிளப்பும்போது மட்டும் கொஞ்ச நேரத்துக்கு 761 வரை போகும்.

தம்பி மகன் தயவில் ஒரு மூடிய ஓடுதளத்தில் இரண்டிலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். உருஸில் இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்க, என்ஜின் உறுமிக்கொண்டே காத்து நின்றது. பிரேக்கை விட்டதும் மூக்கு மேலே எழும்ப, பின்பக்கம் தரையில் உட்கார, அப்புறம்தான் பாய்ச்சல். கியர் மாறும்போதெல்லாம் முதுகில் ஒரு தட்டு. டைக்கானில் இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் பின்மண்டை சீட்டில் மோதியது, மடியில் இருந்த கண்ணாடிக் கூடு பின்சீட்டுக்குப் போய்விட்டது.

காரணம் லேசானதுதான். உருஸின் எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் தன் முழு டார்க்கை, அதாவது சக்கரத்தைத் திருகும் விசையான 850 நியூட்டன் மீட்டரை, கொடுக்க 2,250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) வரை ஏற வேண்டும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுழலப் புகைக் காற்று வேண்டும், புகை வர எரிபொருள் எரிய வேண்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உறுமியதே, அது இந்த அழுத்தத்தைச் சேர்த்து வைக்கத்தான். மின்மோட்டாருக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது. சுற்றத் தொடங்கும் முன்பே, பூஜ்யத்திலேயே, முழு டார்க்கும் தயார். லாஞ்ச் கன்ட்ரோலில் டைக்கானுக்கு அது 1,050 நியூட்டன் மீட்டர். நீ நம்பும் குதிரைத்திறன், என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது கிடைப்பது. பந்தயமோ பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று டயர். 2.8 வினாடியில் 100 என்றால் சராசரி முடுக்கம் வினாடிக்கு வினாடி 9.9 மீட்டர், மேலிருந்து விழும் கல்லுக்குச் சமம். சாதாரண சாலை டயர் பிடிப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே சக்கரம் வழுக்குவதைக் கண்டு டார்க்கை நொடிக்குள் குறைத்துக் கூட்டும் வேலையில் மோட்டாரை என்ஜின் நெருங்க முடியாது. பேட்டரி தரையோடு கிடப்பதால் வண்டியும் தாழ்வு. உருஸ் 1.6 மீட்டருக்கு மேல் உயரம், அதனால்தான் அத்தனை மூக்குத் தூக்கல்.

விளம்பரத்தில் ‘டெஸ்லா மாடல் எஸ் பிளாட்’ (Plaid) என்ற மின்கார் இரண்டு வினாடிக்கும் கீழே என்று பார்த்திருப்பாய். அது மணிக்கு 60 மைல், அதிலும் முதல் ஓரடி நகர்வைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு. அமெரிக்க டிராக் பந்தய வழக்கம் அது. அந்த எண்ணை நேரே உருஸின் 3.6 பக்கத்தில் வைக்காதே.

உன் கட்சிக்கும் கொஞ்சம் பேசுகிறேன். 200 வரைகூட டைக்கான்தான் முன்னால், 9.8 வினாடி; உருஸுக்கு 12.8. ஆனால் டைக்கான் 260-ல் நின்றுவிடும், உருஸ் 305 போகும். மோட்டாரின் வேகம் ஏற ஏற டார்க் இறங்கும். இதைச் சமாளிக்கத்தான் போர்ஷே பின் அச்சுக்கு இரண்டு கியர் வைத்தது, பெரும்பாலான மின்கார்களில் ஒன்றுதான். சார்ஜ் குறைந்தாலும் பேட்டரி சூடானாலும் பிக்கப் மந்தமாகும். உருஸுக்கு டேங்கில் கால்வாசி இருந்தாலும் அதே பாய்ச்சல்தான்.

என்னைக் கேட்டால் இந்த 0-100 பந்தயமே வேடிக்கைக்குத்தான். லாரியைத் தாண்ட 80-லிருந்து 120 போகும் நேரம்தான் நிஜ வாழ்க்கையில் உதவும். மிதித்ததும் கியர் இறங்கி, டர்போ விழிக்கும் அந்த அரை மூச்சு மின்காரில் இல்லை. ஆனாலும் ஒன்று, இறங்கிய பிறகும் காதில் நின்றது உருஸின் சத்தம்தான். பணம் இருந்தால் எதை வாங்குவேன் என்று கேட்காதே. என் பழைய வண்டிக்கு இப்போதுதான் கிளட்ச் மாற்றியிருக்கிறேன்.

அடுத்த முறை வீடியோ அனுப்பினால் வண்டியின் மாடல் பெயரையும் சேர்த்து எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மூர்த்தி