ஜேம்ஸ் ஜெஸ்ஸிமனுக்கு: 928ஐக் கட்டி முடித்துவிட்டேன்

அன்புள்ள ஜேம்ஸ்,

நீங்கள் 1997 ஜூலையிலேயே போய்விட்டீர்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு எட்டாது. ஆனாலும் இந்த நன்றியை உங்கள் பெயருக்கு எழுதாமல் வேறு யார் பெயருக்கும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

லெகோ பொம்மைக் கட்டைகளைக் கணினியில் அடுக்க நீங்கள் எழுதிய எல்டிரா (LDraw) கோப்புகளை வைத்து, லெகோவின் 928ஆம் எண் விண்கலத்தை முழுதாகக் கட்டிவிட்டேன். அமெரிக்காவில் 497 என்ற எண்ணில், கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் என்று விற்றார்களே, அதேதான். 338 துண்டுகள். சாம்பல் உடல், நீல இறக்கை, மஞ்சள் கண்ணாடி. பின்பக்கக் கதவுகளைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு குட்டி வண்டி இறங்கி வரும். சிவப்பு உடையில் இரண்டு பேர், வெள்ளை உடையில் இரண்டு பேர். கூடவே பள்ளங்கள் உள்ள நிலாத் தரையும் உண்டு.

இந்தப் பொம்மையை நான் கையால் தொட்டதே இல்லை. நான் வளர்ந்த ஊரில் எந்தக் கடையிலும் அந்தப் பெட்டியைப் பார்த்ததில்லை. படத்தில் பார்த்ததோடு சரி. இருந்தும் அதன் மேல் எனக்கு இருக்கும் ஏக்கம் உண்மையானது. அந்த விண்கலத்தில் ஆயுதம் என்று ஒன்றுமே இல்லை. வண்டி இருக்கிறது, சிரித்த முகத்தோடு நாலு பேர் இருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வருவதற்காகவே விண்வெளிக்குப் போகிறவர்கள். லெகோவின் வடிவமைப்பாளர் யென்ஸ் நுகோர் க்னுட்சன் 1970களின் கடைசியில் வடிவமைத்துத் தந்த அந்த எதிர்காலத்தை நான் இன்றும் விரும்புகிறேன். அவரும் 2020இல் காலமாகிவிட்டார்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். 1995இல் ஆஸ்திரேலியாவிலிருந்து, டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் எல்டிரா நிரலை வெளியிட்டீர்கள். நான் திரும்பத் திரும்ப வியப்பது இதைத்தான்: நீங்கள் கப்பலையோ கோட்டையையோ வரைந்து வைக்கவில்லை. ஒவ்வொரு கட்டையையும் தனித்தனிக் கோப்பாக எழுதினீர்கள். வார்க்கும் அச்சில் அந்தக் கட்டைக்கு என்ன எண்ணோ அதுதான் கோப்பின் பெயர். எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டை 3001. அளவுக்கு ஓர் அலகு வைத்தீர்கள், 0.4 மில்லிமீட்டர். அதனால் குமிழுக்குக் குமிழ் 20, கட்டையின் உயரம் 24, மெல்லிய தட்டுக் கட்டையின் உயரம் 8. இந்த அடிப்படை அளவுகளில் பின்னம் கிடையாது, எல்லாம் முழு எண். புள்ளி வைத்துவிட்டால் கோலத்தின் கம்பி எங்கே வளைய வேண்டும் என்று கைக்குத் தெரிவது போல, இந்த எண்கள் பழகிவிட்டால் அடுத்த துண்டு எங்கே உட்காரும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. குமிழுக்குக்கூட ஒரே ஒரு கோப்பு. கட்டைகள் எல்லாம் அதைக் கூப்பிட்டுக்கொள்கின்றன. எல்லாமே வெறும் எழுத்து, எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். உங்கள் கணக்கில் கீழ்நோக்கித்தான் கூட்டல். ராக்கெட் மேலே எழும்ப எண் மைனஸில் போக வேண்டும். அதுவும் இப்போது பழகிவிட்டது.

பிளாஸ்டிக் மூப்படைகிறது, ஜேம்ஸ். வெயில் பட்ட வெள்ளையும் நீலமும் பழுப்பேறிவிடுகின்றன. அந்த விண்வெளி வீரர்களின் ஹெல்மெட்டில் தாடைப் பட்டை மெல்லியது, அங்கேதான் உடையும். நெஞ்சிலிருக்கும் தங்கக் கோளும் தேய்ந்து போகும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றி, நீலம் கலந்த சாம்பலைக் கொண்டுவந்தது. பழைய சாம்பல் உங்கள் நிறப் பட்டியலில் 7ஆம் எண்ணில் இன்னும் அப்படியே இருக்கிறது. புதியதற்கு 71 கொடுத்திருக்கிறார்கள். நான் கட்டிய கலத்தில் சாம்பல் முழுக்க 7தான்.

2022இல் லெகோவே தன் 90ஆம் ஆண்டுக்காக இந்த விண்கலத்தை மறுபடி வெளியிட்டது. 1254 துண்டுகள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பெரியவர்களின் நினைவில் வளர்ந்துவிட்ட கலம். 1979இல் ஒரு பிள்ளை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிய அளவு எனக்கு வேண்டும். அந்த அளவு உங்கள் எண்களில் இருக்கிறது.

திரையில் இல்லாததும் உண்டு. துண்டு பொருந்தும்போது வரும் அந்தச் சத்தம் இல்லை. கை விட்டால் கீழே விழாது. இரண்டு கட்டைகளை ஒரே இடத்தில் வைத்தாலும் கோப்பு மறுப்பதில்லை. பிள்ளையின் கைக்கு இது ஈடாகாது, அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு பெட்டி தொலைந்து போன பிறகும் அதை ஒவ்வொரு துண்டாகத் திரும்பக் கட்ட முடிகிறது என்றால், அதற்கு யாரோ பொறுமையாக அளவெழுதி வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் போன பிறகு வேலை நிற்கவில்லை. உலகமெங்கும் இருந்து ஆட்கள் கட்டை கட்டையாகச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் சரிபார்த்த பிறகுதான் கட்டைக் கோப்புகளின் நூலகத்தில் ஏறும். லெகோ கட்டைகளைக் கணினியில் அடுக்க உதவும் பிரிக்லிங்கின் ஸ்டூடியோ நிரல்கூட இந்த நூலகத்தின் மேல்தான் நிற்கிறது. உங்கள் பெயரில் ஒரு விருதும் ஏற்படுத்தினார்கள். 3001ஐத் திறந்தால் ஆசிரியர் என்ற இடத்தில் இன்றும் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்றே இருக்கிறது.

அடுத்து 924ஐ எடுக்கப் போகிறேன். அமெரிக்காவில் 487. இதே குடும்பம், அளவில் சின்னது. அதற்கும் சேர்த்து இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கோப்புகளால் விண்கலம் கட்டும் ஒருவன்