இரண்டாம் பாகத்துக்கு முன் முதல் பாகத்தின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சின்னத்திரைப் பக்கத்தை எந்த வாரம் புரட்டினாலும், ஏதாவதொரு தொடரின் இரண்டாம் பாகம் வரவிருப்பதாக ஒரு செய்தி கண்ணில் படுகிறது. தொலைக்காட்சித் தொடர்களைப் பொழுதுபோகாதவர்களின் பழக்கம் என்று ஒதுக்கிவிடாமல், அவற்றுக்கும் இடம் தந்து எழுதுவதை வரவேற்கிறேன். ஆனால், 'இரண்டாம் பாகம்' என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சரக்குகள் விற்கப்படுவதைத் தங்கள் செய்திகள் பிரித்துக் காட்டுவதில்லை என்ற குறையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2018இல் தொடங்கி, மளிகைக் கடை நடத்தும் அண்ணன் தம்பிகளின் கூட்டுக் குடும்பக் கதையாக ஐந்தாண்டுகள் ஓடியது. 2023 அக்டோபரில் அது முடிந்த கையோடு தொடங்கிய இரண்டாம் பாகத்தில், அண்ணனாக நடித்த அதே ஸ்டாலின் முத்து, வேறொரு குடும்பத்தின் தந்தையாக, வேறொரு மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்து நின்றார். கடைப் பலகையில் பெயர் மாறவில்லை, உள்ளே இருந்த குடும்பம்தான் புதிது. 'சித்தி'யின் கதை இன்னும் விசித்திரமானது. 1999இல் தொடங்கிய முதல் பாகத்தின் நினைவிலேயே 2020இல் இரண்டாம் பாகத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் ஏராளம். மறு ஆண்டே, சித்தியாக நடித்த ராதிகா சரத்குமார் தொடரிலிருந்து விலகிக்கொண்டார். ஆனாலும், சித்தி இல்லாமலேயே 'சித்தி 2' பல மாதங்கள் ஒளிபரப்பானது.

எங்கள் வீட்டில் அதிகம் பேசப்படும் தொடர் 'எதிர்நீச்சல்' என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எண்பது வயதைத் தாண்டிய என் தாயார், 2022 பிப்ரவரியில் அது தொடங்கிய நாளிலிருந்து இரவு ஒன்பதரை மணிக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். 'கோலங்கள்' இயக்கிய திருச்செல்வம் இத்தொடரில் செய்த நல்ல காரியம், மதுரைப் பக்கத்து ஒரு பெரிய வீட்டின் அதிகாரத்தை அந்த வீட்டுச் சமையலறையில் நின்று பார்த்தது. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்ற நான்கு மருமகள்களும் காய் நறுக்கிக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டதும் நால்வரின் கையும் ஒரு நொடி நின்று, பிறகு முன்னைவிட வேகமாக ஓடும். அந்த ஒரு நொடியைப் பார்த்துவிட்டு என் தாயார் ஒன்றும் சொல்லாமல் தம் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கூடத்திலிருந்து கேட்ட அந்தக் குரல் மாரிமுத்துவுடையது. தேனி மாவட்டத்துக்காரரான அவர், அந்த வீட்டை ஆட்டிவைக்கும் ஆதி குணசேகரனாகப் பேசியபோது, அது எழுதிக் கொடுத்த வசனமாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் நாங்கள் கேட்டு வளர்ந்த பேச்சாகவே இருந்தது. "ஏம்மா ஏய்" என்பதைக் குழந்தைகள்கூடத் தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து அவர் காலமானார். எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அடுத்த மாதமே அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அவருடைய குணசேகரனின் மிரட்டலில் குறையில்லை. ஆனால், மாரிமுத்துவின் குணசேகரன் கொடுமைக்காரனாக இருந்தபோதே நம்மைச் சிரிக்கவும் வைத்தார், சிரித்துவிட்டோமே என்று கூசவும் வைத்தார். அந்த இரண்டாவது வேலையை வேறொருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என் மனத்தாங்கல் நடிகர் மாற்றம் பற்றியதல்ல. குடும்பச் சொத்தில் பட்டம்மாள் அப்பத்தாவுக்கு இருந்த நாற்பது சதவீதப் பங்கைச் சுற்றிப் பல மாதங்கள் விறுவிறுப்பாக ஓடிய கதை, பின்னர் ஓரங்கட்டப்பட்டு, திருமணம், கடத்தல் என்று கிளை கிளையாகப் பிரிந்தது. எழுநூறு அத்தியாயங்களுக்கு மேல் ஓடிய அந்தத் தொடர், 2024 ஜூன் மாதத்தில், பந்தி நடக்கும்போதே இலையை எடுத்ததுபோல அவசர அவசரமாக முடிக்கப்பட்டது. டிசம்பர் 23 அன்று 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடியும் வந்தது. ஜனனியாக நடித்த மதுமிதா இல்லை, பார்வதி வந்திருந்தார். அதைக்கூட ஓரிரு வாரங்களில் பழகிக்கொண்டோம். ஆனால், குணசேகரனின் மகன் தர்ஷனுக்கு யாரோடு திருமணம் என்ற ஒரே கேள்வியில் மாதக் கணக்கில் தொடரை நிறுத்தி வைத்ததை எந்தப் பழக்கத்தாலும் சகிக்க முடியவில்லை. வெளியே வந்து நின்ற பெண்களை மறுபடியும் அதே கூடத்தின் முன் அழ வைப்பதற்கு ஓர் இரண்டாம் பாகம் தேவைதானா?

இதையெல்லாம் தினசரித் தொடர்களின் தலையெழுத்து என்று தள்ளிவிடலாம். வாரத்துக்கு ஆறு நாள் படம்பிடித்துத் தர வேண்டியவர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. எட்டு அத்தியாயங்களோடு நிறுத்திக்கொள்ளும் இணையத் தொடர்களுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய 'சுழல்' 2022இல் வந்தபோது, காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடும் கதையையும் மயானக் கொள்ளைத் திருவிழாவின் சடங்குகளையும் ஒன்றாகப் பின்னியிருந்த விதம் புதிதாக இருந்தது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம், காணாமற்போன பெண்ணின் அக்கா நந்தினி முதல் பாக முடிவில் செய்த செயலின் விளைவாக அவர் சிறையில் இருப்பதிலிருந்து தொடங்கியது. பழைய கணக்கை ஒப்புக்கொண்டுதான் புதிய கணக்கைத் திறந்தார்கள் என்பதால் அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். வழக்கறிஞர் ஒருவர் கொலையானதும் எட்டு இளம்பெண்கள் தனித்தனியே வந்து பழியை ஏற்றுக்கொள்வது நல்ல முடிச்சு. ஆனால், எட்டுப் பேருக்கும் எட்டு முகம் தருவதற்குள் தொடர் முடிந்துவிட்டது. அஷ்டகாளித் திருவிழாவும், முதல் பாகத்தில் திருவிழா எடுபட்டது என்பதற்காகவே கொண்டுவரப்பட்டதோ என்று ஐயுற வைத்தது.

பருவமடைந்த பெண் பள்ளிக்குப் போகக் கூடாது என்ற ஊரில், பருவமடைந்ததையே மறைத்துப் படிக்கும் சிறுமியின் கதையைச் சொன்ன 'அயலி' எட்டே அத்தியாயங்களில் சொல்ல வேண்டியதைச் சொல்லி எழுந்துவிட்டது. அதற்கு இரண்டாம் பாகம் வந்தால் நான் பார்ப்பேன். வராதிருந்தால் இன்னும் மகிழ்வேன்.

'வதந்தி' இணையத் தொடரின் இரண்டாம் பாகம் சசிகுமார் நடிப்பில் உருவாவதாகச் செய்தி வந்தது. காவல் அதிகாரியாக எஸ்.ஜே. சூர்யா துப்புத் துலக்கிய வெலோனியின் கொலைக் கதை முதல் பாகத்தோடு முடிந்துவிட்டதால், வேறு அதிகாரி, வேறு வழக்கு என்று போவதில் எனக்கு மறுப்பில்லை. புதிய கதையிலும், செத்தவளைப் பற்றி ஊரும் பத்திரிகையும் வாய்க்கு வந்ததைப் பேசுவதுதான் மையமென்றால் பெயருக்குப் பொருளிருக்கும். இல்லையென்றால் வேறு பெயர் வைத்திருக்கலாம்.

ஆகவே, இனி இத்தகைய அறிவிப்புகளை வெளியிடும்போது, அதே கதை தொடர்கிறதா, அதே மனிதர்கள் வேறு கதைக்குள் வருகிறார்களா, அல்லது பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறதா என்பதை ஒரு வரியில் குறிப்பிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தயாரிப்பு நிறுவனத்தின் குறிப்பை அப்படியே அச்சிடுவதைவிட இதற்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தான் கூடுதலாகத் தேவைப்படும். அப்படியே இயக்குநர் எவரேனும் பேட்டிக்குக் கிடைத்தால், அப்பத்தாவின் நாற்பது சதவீதம் கடைசியில் யார் கைக்குப் போயிற்று என்பதையும் கேட்டு வெளியிடுங்கள். என் தாயார் ஒன்பதரை மணியானால் இன்னமும் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை