எத்தனை மெகாவாட் என்பதோடு இதையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடல் நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்தவன் நான். 'இருபத்துநான்கு மணி நேரமும் நிற்காது' என்ற வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜப்பானை ஒட்டி ஓடும் குரோஷியோ போன்ற பெரிய நீரோட்டங்களுக்கு அது பொருந்தும். ஆனால் கட்டுரை பேசுவது ஏற்றவற்றத்தால் வரும் ஓட்டத்தை. அது பெரும்பாலான இடங்களில் ஆறேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை தளர்ந்து, சற்று நேரம் அசையாமல் கிடந்து, பிறகு எதிர்ப்பக்கம் திரும்பும். குறுகலான நீரிணைகளில் அந்த வேளைக்காகவே கப்பலை நிறுத்தி வைப்போம். ஒருமுறை காத்திருக்காமல் நுழைந்துவிட்டோம். இயந்திரம் முழு வேகத்தில் ஓடியது. மேல்தளத்துக்கு வந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் அரை மணி நேரமாக அதே இடத்தில்! எதிர் ஓட்டத்தின் பலம் அப்படி. கடல்நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டது. ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும்.

நிற்கும் நேரம் முன்கூட்டியே தெரியும் என்பதுதான் இதன் பெருமை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேகம் கூடும், அஷ்டமியை ஒட்டிக் குறையும். பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். காற்றில் அது முடியாது.

சரி, என் கவலை வேறு. கடல்நீர் வரும் குழாயைப் பிரித்தால், கை நுழையும் வாயில் விரல்கூட நுழையாதபடி கொட்டலசு என்ற, ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டி அடைத்திருக்கும். அதை எத்தனை முறை சுரண்டியிருப்பேன்! அப்புறம் உப்பு, மணல், தேய்ந்து தண்ணீர் கசியவிடும் அடைப்பு வளையங்கள் (சீல்கள்). கப்பலையாவது உலர்துறையில் ஏற்றலாம். கடலடியில் பொருத்திய டர்பைனை என்ன செய்வது?

வழி பிறந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் பென்ட்லாண்ட் நீரிணையில் மேஜென் திட்டம் 1.5 மெகாவாட் டர்பைன்கள் நான்கை இயக்குகிறது. அவற்றில் ஒன்று எதிர்பாராத பெரிய பழுதின்றி ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது என்று படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஆர்க்னி தீவுகளில் 2021இல் இறங்கிய ஓ2, 2 மெகாவாட் மிதவை இயந்திரம். டர்பைன் தாங்கும் கைகளை நீர்மட்டத்துக்கு உயர்த்திப் பழுதுபார்க்கலாம்.

அடுத்த முறை எழுதும்போது, பழுதானால் தூக்குவதற்கு எவ்வளவு பெரிய கப்பல் வர வேண்டும், அலை தணிய எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்