செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே!

பொங்கல் விளையாட்டுப் போட்டி, பாரதி நினைவு நாள், மாணவர் பேச்சுப் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. நூலக வார விழா மழையால் நடக்கவில்லை.

சரி, பழைய இதழ் விஷயத்துக்கு வருகிறேன். சேதுச் சீமையான இராமநாதபுரம் பக்கத்துப் பெரியோர் வைத்திருந்த இதழ்களைத் தேடிச் சேர்ப்பதென்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. கை தூக்கியவர்கள் பலர். கூட அலைந்தவர் பொருளாளர் ஒருவர்தான்.

இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி கையெழுத்துப் போட்டது என்று ‘செந்தமிழ்’ தொகுதி ஒன்றை ஒரு வியாபாரி கொண்டுவந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் இதழ். தொகுதி 1907ஆம் ஆண்டினது. மன்னர் மறைந்ததோ 1903இல். போதாததற்கு, கையெழுத்தின் ஊதா மை தாளில் ஊறிப் பரவியிருந்தது. மை ஊறாமலிருக்கத் தாளில் சேர்க்கும் பசை பழசாகிப் போனபின் எழுதினால் இப்படிப் பரவும். திருப்பிக் கொடுத்துவிட்டேன். “வாசலுக்கு வந்த சேதுபதியைச் செயலாளர் விரட்டிவிட்டார்” என்று டீக்கடையில் பேசியவர்கள் அன்றைய செயற்குழுவுக்கு வந்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கலாம்.

அப்புறம், பரமக்குடியில் எடைக்குப் போகவிருந்த ‘செந்தமிழ்’ உதிரி இதழ்கள் சிலவற்றை வாங்கினோம். பைண்டு செய்யும்போது முதலில் கிழித்துப் போடுவது மேலட்டையையும் முகவரித் தாளையும்தான். யாருடைய பிரதி என்பதற்குச் சாட்சி அங்கேதான் இருக்கும். அதனால்தான் உதிரிகளை விடவில்லை. ஒன்றில் முகவரித் தாளின் கிழிசல் ஒட்டியிருக்கிறது. பெயர் போய்விட்டது, ‘இராமநாதபுரம்’ மட்டும் மிச்சம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் தொடங்கிய பாண்டித்துரைத் தேவரின் பிரதியாக இருக்கலாமே என்றார் ஓர் உறுப்பினர். இருக்கலாம். அதை வைத்துப் பெயர்ச்சீட்டு எழுத முடியாது.

நம் மண்டபம் ஊரின் கடற்காற்றில் இதழ்களைத் தைத்த கம்பி ஊசிகள் துருப்பிடித்துத் தாளை அரிக்கின்றன, கழற்றிவிட்டேன். அன்பு மிகுதியால் யாரும் செலோடேப் ஒட்ட வேண்டாம். டேப் உதிர்ந்தாலும் பசை தாளில் ஊறி மஞ்சளாக நிற்கும்.

வரவு செலவு பொருளாளரிடம் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்க்கலாம். செலவு வரவை ஒட்டியே போனது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா பாக்கி. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒழுங்காக அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த தெருவில் இருப்பவர்களுக்குத்தான் தூரம் அதிகமாக இருக்கிறது.

இடம் கொடுத்த பள்ளிக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பொறுப்பேற்க யாராவது முன்வந்தால் சாவியைச் சந்தோஷமாகத் தருவேன். இதழ்கள் இப்போது என் வீட்டு பீரோவில், பட்டுச் சேலைகளுக்குக் கீழே இருக்கின்றன. எப்போது எடுப்பீர்கள் என்று வீட்டில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நம் உறுப்பினர் சிலர் வீட்டில் இரும்பு பீரோ சும்மா நிற்கிறது, பரணில் பழைய பெட்டிகளும் கிடக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன். சந்தாப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.