உள்ளே பாக்கெட் வைத்துத் தைத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

இன்று உத்திராடம், திருவோணத்துக்கு முந்தின நாள். நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் கால் வைக்க இடமிருக்காது. நான் எங்கும் போகாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே கொடியில் எட்டுக் குட்டி வேட்டியும் எட்டுக் குட்டிப் பாவாடையும் காய்கின்றன. பாயசக் கறை முழுசாகப் போகவில்லை. சாயந்திரத்துக்குள் காய்ந்தால் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நாளைக்கு ஓணக்கோடி அதுதான் என்று பதினாறு பேரும் பிடிவாதமாக இருக்கிறார்கள். வாங்கி வைத்த புதுச் சட்டை பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்று இரண்டு அம்மாக்கள் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

இந்த ஓணக் காலத்துச் சித்திரை நட்சத்திரத்தன்று ராத்திரி அடித்த காற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள்தான் விடியும் முன்னே கோடாலியோடு வந்தவர்கள், உங்களுக்கு நான் என்ன சொல்வது? பகலில் நடக்காமல் ராத்திரி நடந்ததே, அதுவரைக்கும் சாமி காப்பாற்றியது. நம் அங்கன்வாடிக் கூரை மேல் விழுந்த அந்தப் புளியமரத்தை இன்னமும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் ஓணம் வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன். 2018-ல் வெள்ளம் வந்த வருஷமும், 2024-ல் வயநாட்டில் மலை சரிந்த வருஷமும் அரசாங்கமே ஓண விழாவைக் கைவிட்டது. நாம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். வாமனன் மிதித்துப் பாதாளத்துக்கு அனுப்பிய மாவேலி ராஜா, அதாவது மகாபலி, ஓணத்துக்குத்தான் ஊரைப் பார்க்க வருவார் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அப்போது மூன்றரை வயதுக்காரன் ஒருவன் கூரை இல்லாத கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்தான். "டீச்சரே, மாவேலி வந்தா இதுதான் அங்கன்வாடின்னு எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. கறவை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எங்களுக்கென்று கூடத்தைக் காலி செய்து கொடுத்த பால் சொசைட்டிக்காரர்களுக்கு. மரத்தை அறுத்து அகற்றிய கிளப் பையன்களுக்கு. தாங்கள் வளர்த்த செண்டுமல்லியில் முதல் கூடையை விற்காமல் எங்களுக்குத் தந்த குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காக்களுக்கு. கோயமுத்தூர் பூ மார்க்கெட்டிலிருந்து வேலந்தாவளம் வழியாகச் சரக்கு ஏற்றி வந்து, போகிற போக்கில் அரை மூட்டை வாடாமல்லியை இறக்கிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போன வேன்காரருக்கு. வாழை இலை, தேங்காய், அடுப்பு, விறகு, பெரிய பாத்திரம் கொடுத்தவர்களுக்கு. ஓலனும் அவியலும் பருப்பும் பாலடைப் பிரதமனும் வைத்துவிட்டு, இஞ்சிக் கறியை மட்டும் "பிள்ளைகளுக்குக் காரம்" என்று தாங்களே தீர்த்துவிட்ட சமையல்காரப் பாட்டிமார்களுக்கு. நனைந்த பதிவேடுகளை ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்த எங்கள் ஹெல்ப்பர் அக்காவுக்கு. யாரையாவது விட்டிருந்தால் வழியில் நிறுத்தித் திட்டுங்கள், தப்பில்லை.

இனி டெய்லர் அண்ணன்.

பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். போட்டால் என் ரவிக்கையெல்லாம் இனிமேல் ஒரு அங்குலம் குறைத்துத் தைப்பாராம். சரி, போடவில்லை. பால் சொசைட்டிக்கு எதிரே யார் கடை என்று உங்களுக்குத் தெரியும்.

அனுஷத்தன்று கூடத்தில் ஒத்திகை. பையன்கள் எல்லோரும் அப்பாவின் துண்டை வேட்டியாகக் கட்டி வந்திருந்தார்கள். மூன்று வயது இடுப்பில் எந்தத் துண்டு நிற்கும்? மாவேலியை வரவேற்க வரிசையாக நடந்தபோது எட்டுப் பேரும் எட்டுத் துண்டையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நேந்திரங்காய் உப்பேரி, அதான் வறுவல், கொடுத்தேன். வாங்கக் கை இல்லை. ஒருவன் வாயைத் திறந்து காட்டினான், இன்னொருவன் துணிந்து கையை நீட்டினான். துண்டு கீழே போனது. கூடமே சிரித்தது. அவன் அழுதான்.

எதிர்க் கடையில் தையல் சத்தம் நின்றது. நான் கவனிக்கவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் டெய்லர் கடை எப்படி இருக்கும் என்று பெண்களைக் கேட்டால் தெரியும். செட்டுமுண்டு ரவிக்கைகள் மலைபோல் குவிந்திருக்கும். சாமியே வந்து அளவு கொடுத்தாலும் "ஓணம் கழிஞ்சு வாங்க" என்பார்கள். அந்த நேரத்தில் இந்த மனிதர் மெஷினை விட்டு எழுந்து, கழுத்தில் டேப்போடு தெருவைத் தாண்டி வந்து நின்றார். பிள்ளைகள் அலறிவிட்டார்கள். போன மாதம் தடுப்பூசி போட்டிருந்தது. கழுத்தில் எதையாவது தொங்கவிட்டு வருகிறவர் எல்லோரும் அவர்களுக்கு ஊசி மாமாதான்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டேப்பை எடுத்து அவர்கள் பக்கம் நீட்டினார். "எனக்கு அளவெடுங்க பாக்கலாம்." இரண்டு நிமிஷம் யாரும் அசையவில்லை. அப்புறம் ஒரு சின்னப் பெண் வந்து அவர் தொப்பையைச் சுற்றி டேப்பைப் பிடித்தாள். முனை எட்டவில்லை, இன்னொருத்தி உதவிக்குப் போனாள். "எத்தனை?" என்றார். "நூறு!" என்றார்கள். இரண்டு பேருக்கும் தெரிந்த பெரிய எண் அதுதான். அதற்குப் பிறகு பதினாறு பேரும் தாங்களாகவே வரிசையில் நின்று இடுப்பைக் கொடுத்தார்கள்.

"எத்தனை ஆகும்ணா?" என்று கேட்டேன். "உங்க வேலையைப் பாருங்க டீச்சர்" என்று போய்விட்டார்.

துணி எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு டபுள் வேட்டி, குத்தாம்புள்ளித் தறியில் நெய்தது. ஒன்று அவருக்கு, ஒன்று வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு. "அவனுக்கு லீவு கிடைக்கலீங்க. எனக்குப் பழசு கிடக்குது" என்றார். அவ்வளவுதான், மேலே கேட்க விடவில்லை.

வெட்டுவதைப் பார்க்கப் போயிருந்தேன். நாலு மீட்டர் நீளம், ஐம்பது அங்குல அகலம், இரண்டு ஓரத்திலும் கசவுக் கரை, அதாவது பொன் ஜரிகை. நீளவாக்கில் நடுவில் பிளந்தால் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு கரை வரும். அந்தப் பாதியை நான்காக வெட்டினால் ஒரு வேட்டியிலிருந்து எட்டு உருப்படி, எட்டிலும் கீழே கசவு. துணியில் கத்திரி வைக்கும் முன் ஒருதரம் உள்ளங்கையால் நீவினார். அது தொழில் பழக்கமா, இல்லை மகனை நினைத்தாரா, எனக்குத் தெரியாது. குத்தாம்புள்ளியில் நெய்கிற தேவாங்கர்களின் முன்னோர் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், வீட்டுக்குள் இன்றும் கன்னடம் கலந்த பேச்சு. அவர்கள் நெய்ததைத் தமிழ் பேசுகிற இவர் வெட்டி, மலையாளத்தில் ஒன்று இரண்டு எண்ணப் பழகும் எங்கள் பிள்ளைகளுக்குத் தைத்தார். நம் பக்கத்தில் இதையெல்லாம் யாரும் விசேஷமாக நினைப்பதில்லை.

இரண்டு ராத்திரி தைத்திருக்கிறார். மூலத்தன்று சாயந்திரம் பழைய செய்தித்தாளில் சுற்றிய கட்டு வந்தது. இடுப்பில் எலாஸ்டிக் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்தது. பிரித்துப் பார்த்த ஹெல்ப்பர் அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். "டீச்சர், உள்ளே கையை விட்டுப் பாருங்க."

பாக்கெட்! வேட்டியிலும் பாவாடையிலும், இடுப்புக்குக் கீழே உள்பக்கமாக, மூன்று வயதுக் கை நுழைகிற அளவில். ரவிக்கை லைனிங் மிச்சத்தில் தைத்தது. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று கிளிப்பச்சை. பதினாறுக்கும் பதினாறு நிறம். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளின் துணியில் எது யாருடையது என்று நான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. "உன் பாக்கெட் என்ன நிறம்?" என்றால் போதும்.

எதற்கு பாக்கெட் என்று கேட்டதற்கு, "உப்பேரி போட்டுக்கத்தான். அன்னிக்குப் பாத்தனே, கை ரெண்டும் வேட்டியைப் பிடிக்கவே சரியாப் போச்சு" என்றார்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. நாற்பத்தாறு வயதாகிறது. பாவாடை, தாவணி, சுடிதார், சேலை என்று எல்லாம் உடுத்தியாயிற்று. தையல்காரர் தாமாக எனக்கு பாக்கெட் வைத்துத் தந்ததே இல்லை. ஆம்பளைச் சட்டையில்தான் பாக்கெட் இருக்கும் என்று நானும் பழகிவிட்டேன். நேற்று, பூராடத்தன்று, விழாவில் எங்கள் எட்டுப் பெண் குழந்தைகளும் ஒரு கையைப் பாவாடைக்குள் விட்டுக்கொண்டு பஞ்சாயத்து மெம்பர் மாதிரி நடந்து வந்ததைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

விழாவைப் பற்றி என்ன எழுத? வந்தவர்களுக்குத் தெரியும். மாவேலி வேஷம் போட்ட பையன் மீசையைப் பிய்த்துவிட்டு ஓலைக்குடையை மட்டும் கடைசிவரை விடவில்லை. இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தது பப்படம் வந்ததும் காற்றில் போனது. "மாவேலி நல்லவருன்னா ஏன் மிதிச்சாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் தயாராகவில்லை. அறுவடைப் பண்டிகை என்கிறோமே என்று பக்கத்து வயலிலிருந்து நாலு கதிர் வாங்கி வந்திருந்தேன். நம் பக்கத்தில் முதல் போகம் கன்னி மாசத்தில், அதாவது புரட்டாசியில்தான் அறுப்புக்கு வரும், ஓணத்துக்குப் பயிர் பச்சையாகத்தான் நிற்கும். ஒரு மணியை நகத்தால் நசுக்கிக் காட்டினேன். வெள்ளையாகப் பால் வந்தது. "நெல்லுக்குள்ள சொசைட்டியா டீச்சர்?" என்றான் நம் மாவேலி.

முன்னால் கேட்டானே ஒருவன், மாவேலி எப்படிக் கண்டுபிடிப்பார் என்று, அவன் இதையெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பார்த்தான். கூடத்து வாசலில் இத்தனை பெரிய பூக்களம் போட்டும் அவனுக்கு மனசு ஆறவில்லை. பழைய இடத்துக்குப் போய் நின்று ஏமாந்துவிடுவாரே என்ற கவலை. சாப்பாடு முடிந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். டெய்லர் அண்ணனும் கடையைச் சாத்திவிட்டு வந்தார், ஓணத்துக்கு முந்தின வாரத்தில், பட்டப்பகலில். வரப்பில் தேடித் தேடி ஒரு கை தும்பை பறித்தோம். பூக்களத்தில் வைத்துக் கும்பிடுகிற மாதேவருக்குத் தும்பைதானே முக்கியம். உடைந்த கேட்டுக்கு முன்னால் சாணி மெழுகி, தட்டு அளவுக்கு ஒரு வட்டம். அதற்குப் பக்கத்தில் செண்டுமல்லி இதழால் சொசைட்டி இருக்கும் திசைக்கு ஒரு அம்புக்குறி. அம்புக்குறி அவன் யோசனை.

தும்பை பறிக்க அரை மணி நேரம் ஆனது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வரப்பில் கால் வைத்தால் தும்பையை மிதிக்காமல் போக முடியாது. இப்போது களைக்கொல்லி அடித்து அடித்து இப்படி ஆகிவிட்டது. எல்லோர் முன்னும் சொல்கிறேன்: புதுக் கட்டடம் என்றைக்கு எழும்பினாலும் அதைச் சுற்றி முதலில் தும்பை விதைப்பேன். களை என்று யாராவது மருந்துத் தெளிப்பானோடு வந்தால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எங்கள் பதிவேடுகளில் எடைக்கு, உயரத்துக்கு, பாலுக்கு, முட்டைக்கு எல்லாம் கட்டம் உண்டு. இந்த மாதிரிக் கணக்குக்குக் கட்டம் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

காலையில் துவைக்கும் முன் பதினாறு பாக்கெட்டையும் வெளியே இழுத்துத் தட்டினேன். உப்பேரித் தூள், பாதி கடித்த சர்க்கரை வரட்டி, அதைத் தேடி வந்த எறும்பு, ஒரு சட்டைப் பொத்தான், வாடின செண்டுமல்லி, எங்கள் மாவேலியுடையதில் மீசை. கிளிப்பச்சை பாக்கெட்டில் மட்டும் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். கட்டை விரல் அளவு ஓட்டுத் துண்டு, நம் பழைய கூரையுடையது. அம்புக்குறி போட்ட நேரத்தில் எடுத்திருக்க வேண்டும்.

அதைக் கழுவித் திண்ணையில் காய வைத்திருக்கிறேன். சாயந்திரம் வேட்டியை மடிக்கும்போது அதே பாக்கெட்டில் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

ஓணாசம்சைகள்.

உங்கள் அங்கன்வாடி டீச்சர்