முத்துவைப் பிடித்து வைத்த அண்ணனுக்கு நன்றி

தீபாவளி ராத்திரி மதுரை தெப்பக்குளம் பக்கம் எங்கள் நாய் முத்துவைப் பிடித்து வைத்து, கழுத்துப்பட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்ட அண்ணனுக்கு நன்றி. பெயர் கேட்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள்.

முத்து ராஜபாளையம் நாய். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன இனம், 2005-இல் தபால்தலையில்கூட வந்தது. எங்கள் ஆளோ பிஜிலி வெடிக்கே கட்டிலுக்கு அடியில் குடித்தனம்! எதிர்வீட்டு லேப்ரடார் இட்லி வேகும் வாசனைக்கு வாசலில் ஆஜராகிவிடும். தெருமுனை கருப்பி யூனிஃபார்ம் போட்ட எவரையும் விடாது, தபால்காரரைத் தவிர. அது என்ன கணக்கோ!

அன்றைக்கு முத்து சரவெடியில் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். புது ஆள் கை பட்டால் உறுமுகிறவன். நீங்கள் துரத்தவே இல்லையாம். முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பக்கத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தீர்களாம். டீக்கடைக்காரர் சொன்னார். மிரண்ட நாயை அப்படித்தான் வழிக்குக் கொண்டுவர முடியும். அது எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம், அவன் பட்டையில் கோத்துப் பிடித்திருந்த உங்கள் துண்டைத் துவைத்து அதே டீக்கடையில் கொடுத்திருக்கிறோம். வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே.